சுட வேண்டிய நரம்பு எது? ஃபைப்ரோமயால்ஜியாவும் ரேடியோ அலைச் சிகிச்சையும்

"உடம்பு பூரா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர்." உடல் முழுக்கப் பரவி நாட்பட நிற்கும் வலி நோயான ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும். எக்ஸ்ரேயில் வயதுக்கேற்ற தேய்மானம் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக ஒரு வரி இருக்கும். வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்று முடித்துவிடுவார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் காதில் "நரம்பைச் சுட்டுவிட்டால் வலி போய்விடும், ஆபரேஷன் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்ற பேச்சு விழுந்தால் ஆசை வரத்தானே செய்யும். அந்த ஆசையோடு பெயின் கிளினிக்கின் வாசலில் நிற்பவருக்காகவும், அவரைக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஃபைப்ரோமயால்ஜியாவைச் சுட்டு அகற்றும் ரேடியோ அலைக் கருவி எதுவும் கிடையாது. ஆனால் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கு அதோடு கூடவே ஒரு முட்டியோ, முதுகெலும்பின் ஒரு மூட்டோ தனியாகக் கெட்டுப்போயிருக்கலாம். அந்த ஓர் இடத்து வலியை ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அலைச் சிகிச்சை, பல மாதங்களுக்குக் குறைத்து வைக்கக்கூடும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பணமும் வீணாகிறது, நம்பிக்கையும் உடைகிறது.

ஃபைப்ரோமயால்ஜியாவில் தசையோ மூட்டோ அழிவதில்லை. தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைக் கையாளும் விதம் மாறிவிடுகிறது. ரேடியோவின் ஒலிக் குமிழை யாரோ உச்சத்துக்குத் திருகி வைத்துவிட்டதுபோல, மெல்லிய தொடுதல்கூட வலியாகக் கேட்கிறது. திசுச் சேதத்தாலும் நரம்புச் சேதத்தாலும் வரும் வலிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட, வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2017-இல் 'நோசிபிளாஸ்டிக்' என்ற மூன்றாம் வகையையே சேர்த்தது. இரவெல்லாம் தூங்கியும் களைப்போடு எழுவது, யோசனை மங்குவது, சின்னச் சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் போவது எல்லாம் அதே கோளாற்றின் கிளைகள். குமிழ் இருப்பது மேலே. ஆர்.எஃப். ஊசி தொடுவது கீழே, விளிம்பில் உள்ள ஒரு சிறு கம்பியை.

1990-இல் வந்த பழைய அளவுகோலில் 18 புள்ளிகளை நான்கு கிலோ விசையில் அழுத்திப் பார்ப்பார்கள். 11 வலித்தால் நோய் உண்டு என்பார்கள். இன்று பெரும்பாலும் 2016-இன் திருத்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். உடலின் ஐந்து பகுதிகளில் குறைந்தது நான்கில் வலி இருக்க வேண்டும், மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வலி பரவிய இடங்களின் எண்ணிக்கையும் களைப்பு, தூக்கம், மறதி ஆகியவற்றின் கடுமையும் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்ட வேண்டும். இந்தத் திருத்தத்தில் ஒரு வரி மிக முக்கியம்: வேறு நோய் இருந்தாலும் ஃபைப்ரோமயால்ஜியா இருக்கலாம். அதைத் திருப்பியும் படிக்க வேண்டும். ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் வைத்தாகிவிட்டது என்பதற்காக, முட்டித் தேய்மானம் இவருக்கு வரவே வராது என்றாகிவிடாது. "உங்களுக்கு எல்லா இடமும் வலிக்கும்தானே" என்று சொல்லி, உண்மையிலேயே கெட்டுப்போன ஒரு மூட்டைக் கவனிக்காமல் விடுவது இவர்களுக்கு அடிக்கடி நடக்கிற அநியாயம்.

ஒரு மூட்டைக் கவனிப்பதால் மற்ற வலிக்கும் பயன் உண்டா? இத்தாலியின் கியெட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட வேலை இங்கே யோசிக்கத்தக்கது. ஃபைப்ரோமயால்ஜியாவோடு தசை முடிச்சு வலியோ மூட்டு வலியோ உள்ளவர்களுக்கு அந்த இடத்துக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தபோது, பரவலான வலியும் ஓரளவு தணிந்தது. அவர்கள் பயன்படுத்தியது ஆர்.எஃப். அல்ல. ஆனாலும் கீழிருந்து ஓயாமல் மேலே போகும் வலிச் செய்தி, குமிழை மேலும் திருகிக்கொண்டே இருக்கிறது என்ற கருத்துக்கு அது பலம் சேர்க்கிறது. மறுபக்கமும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2015-இல் காட்டியபடி, ஃபைப்ரோமயால்ஜியா மதிப்பெண் கூடக் கூட, முட்டி, இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகும் வலி குறைவது குறைந்துகொண்டே போனது. மூட்டையே மாற்றியவர்களுக்கு அந்த நிலை என்றால், மூட்டின் நரம்பை மட்டும் சுடும்போதும் எதிர்பார்ப்பைக் குறைத்தே வைக்க வேண்டும் என்பது என் கணக்கு.

'ஆர்.எஃப்.' என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு வெவ்வேறு வைத்தியங்கள் விற்பனையாகின்றன. பெயரைக் கேட்டவுடன் "எந்த ஆர்.எஃப்.?" என்று கேட்டுவிடுங்கள்.

முதலாவது, வெப்ப ஆர்.எஃப். 'நரம்பைச் சுடுவது' என்று சொல்வது இதைத்தான். ஊசி முழுக்கக் காப்புறை போட்டிருக்கும். நுனியில் 5 அல்லது 10 மில்லிமீட்டர் மட்டும் வெறும் உலோகம். விநாடிக்கு ஏறத்தாழ 5 லட்சம் முறை முன்னும் பின்னும் அலையும் மின்னோட்டம் அந்த வெற்று நுனி வழியாகத் திசுவுக்குள் போய், தொடையில் ஒட்டிய அகலமான பேடு வழியாகத் திரும்புகிறது. ஊசியை அடுப்பில் காய்ச்சிய கம்பியாகக் கற்பனை செய்ய வேண்டாம். நுனியைச் சுற்றியுள்ள திசுவின் அயனிகள் முன்னும் பின்னும் அதிர்ந்து உராய்வதால் திசுதான் சூடாகிறது. ஊசி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. நுனிக்குள் இருக்கும் வெப்பமானி அதைப் படித்துக் கருவிக்குச் சொல்ல, கருவி 80 டிகிரி செல்சியஸில் பிடித்து வைக்கிறது. 45 டிகிரியைத் தாண்டினாலே நரம்புத் திசு கெடத் தொடங்கும். 80-இல் 90 விநாடி வைத்தால், முட்டையின் வெள்ளைக்கரு வெளுத்துக் கட்டியாவதுபோல அந்த இடம் உறைந்துவிடும். நூறு டிகிரியை நெருங்கினால் திசுவின் நீர் கொதித்து, கருகி, மின்னோட்டமே தடைப்படும். அதனால்தான் அதற்கு மேல் போவதில்லை.

சுட்ட இடம் எவ்வளவு பெரியது? ஒரு நீளச் சோற்றுப் பருக்கையைவிடச் சற்றுப் பருமன். அவ்வளவுதான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு "உடம்பு பூரா" என்ற சொல்லை மறுபடி நினைத்துப் பாருங்கள். இந்தச் சிகிச்சையால் எது முடியும், எது முடியாது என்பது அதிலேயே விளங்கும்.

இரண்டாவது, குளிர்வித்த ஆர்.எஃப். ஊசிக்குள் தண்ணீர் ஓடி நுனியைக் குளிர வைப்பதால் ஒட்டிய திசு கருகாமல், வெப்பம் அகலமாகப் பரவும். கருவியில் 60 டிகிரி காட்டும். சற்றுத் தள்ளியுள்ள திசுவில் அதைவிடக் கூடுதல் சூடு இருக்கும். நரம்பு போகும் பாதை ஆளுக்கு ஆள் மாறும் இடங்களில், குறிப்பாக முட்டியிலும் இடுப்புச் சாக்ரோஇலியாக் மூட்டிலும், இது உதவுகிறது. முட்டித் தேய்மான வலிக்கு இதை அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் அனுமதித்தது.

மூன்றாவது, துடிப்பு ஆர்.எஃப். நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்லுயிட்டரும் குழுவும் 1998-இல் இதை முன்வைத்தார்கள். 20 மில்லிவிநாடி மின்துடிப்பு, பிறகு ஓய்வு, விநாடிக்கு இரண்டு முறை, 45 வோல்ட், வெப்பம் 42 டிகிரிக்கு மேல் போகாது, பொதுவாக 120 விநாடி. சுடுவதில்லை, மின்புலம் நரம்பின் செயல்பாட்டைத் தணிப்பதாகக் கருதுகிறார்கள். தோள்பட்டையின் சூப்ராஸ்கேபுலார் நரம்புபோலத் தசையையும் இயக்கும் நரம்புகளைச் சுட்டால் கை பலவீனமாகும் என்பதால் அங்கே இதுதான் பொருந்தும். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று இதைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை. நான்காவது வகை ஊசியே இல்லாதது, பிசியோதெரபி அறையில் தோலின் மேல் தேய்ப்பது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெப்ப ஆர்.எஃப். பலன் கொடுக்குமா என்ற கேள்வி, சுடும் நாளில் முடிவாவதில்லை. அதற்கு முன்பு நடக்கும் சோதனை ஊசியில்தான் பெரும்பகுதி முடிவாகிறது. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்குத் தவறு நடக்கிற இடமும் இதுதான்.

முதலில், "எந்த இடம்னு ஒரே ஒரு விரலால காட்டுங்கம்மா" என்று கேட்க வேண்டும். உள்ளங்கையை விரித்து முதுகு முழுக்கத் தடவிக் காட்டினால் அது பெரும்பாலும் பரவல் வலி. ஒரு விரல் இடுப்பின் ஒரு பக்கத்தில், முதுகெலும்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி நின்று, நான்கு முறை கேட்டாலும் அங்கேயே போனால், குனிந்து நிமிரும்போதும் பின்னால் வளையும்போதும் அதே இடம் குத்தினால், அங்கே ஃபேசட் மூட்டு ஒன்று கெட்டிருக்க வாய்ப்புண்டு. முகமுகமாகப் பொருந்தும் இந்தச் சின்ன மூட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மீடியல் பிராஞ்ச் நரம்புகள் வருகின்றன. நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையேயான மூட்டுக்கு மூன்றாம், நான்காம் நரம்புகளின் கிளைகள். ஒரு மூட்டை மரக்கச் செய்ய இரண்டு நரம்பையும் பிடிக்க வேண்டும்.

சோதனை ஊசியில் ஒவ்வொரு நரம்பின் பக்கத்திலும் அரை மில்லிலிட்டருக்கு மிகாமல் மரப்பு மருந்து வைக்கிறார்கள். அளவு கூடினால் மருந்து பக்கத்துத் தசைக்கும் வழிந்து, தசை வலி குறைந்ததை மூட்டு வலி குறைந்ததாகக் காட்டிவிடும். கூடவே ஸ்டீராய்டு கலந்தாலும், தூக்க மருந்து கொடுத்தாலும் சோதனையின் விடை கலங்கிவிடும். அன்று காலை தேவைக்குப் போடும் வலி மாத்திரையைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஆனால் ஃபைப்ரோமயால்ஜியாவுக்காகத் தினமும் எடுக்கும் டுலோக்ஸிடினையோ பிரிகாபலினையோ நீங்களாக நிறுத்தக் கூடாது; திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் கேடு என்று வேறொரு தொல்லை கிளம்பும்.

ஊசி போட்டபின் படுத்து ஓய்வெடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. எழுந்து நடந்து, எந்த அசைவு வழக்கமாகக் குத்துமோ அதைச் செய்து பார்க்க வேண்டும். குனிந்து எதையாவது எடுப்பது, படி ஏறுவது, கால்மணி நேரம் நின்று பாத்திரம் துலக்குவது, எதுவானாலும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் விரல் காட்டிய இடத்தின் வலி, பத்துக்கு எவ்வளவு. வலப்பக்கம் உடம்பு முழுவதுமான வலி, பத்துக்கு எவ்வளவு. அரை மணிக்கு ஒரு முறை, ஆறு மணி நேரத்துக்கு எழுதுங்கள். இந்த இரண்டாம் பத்தியைப் பெரும்பாலான படிவங்களில் கேட்பதில்லை. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கு அது இல்லாமல் சோதனையைப் படிக்கவே முடியாது.

ஏனென்று பாருங்கள். இடப்பக்கம் 7-லிருந்து 2-க்கு இறங்கி, வலப்பக்கம் 6 அப்படியே 6-ஆக நின்றால், அந்த மூட்டு குற்றவாளி என்று கைகாட்ட நல்ல காரணம் கிடைத்துவிட்டது. ஒரு பத்திதான் இருந்திருந்தால் இதே ஆள் "இன்னும் வலி இருக்கு டாக்டர், 6" என்று சொல்லியிருப்பார். பலன் இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். மாறாக, இரண்டு பத்தியும் பத்து நிமிடத்துக்குள் சரசரவென்று இறங்கினால் யோசிக்க வேண்டும். அரை மில்லி மருந்து கழுத்தையும் காலையும் சேர்த்து ஆற்றியிருக்காது. ஊசி போட்டாகிவிட்டது என்ற நிம்மதியும் வலியைக் குறைக்கும். அந்த நிம்மதி பொய்யில்லை, ஆனால் அதை நம்பி நரம்பைச் சுடக் கூடாது. மூன்றாவது நிலை, ஊசி குத்திய வலியே பெரிதாகி எதையும் அளக்க முடியாமல் போவது. அப்போது வேறொரு நாளில், மெல்லிய ஊசியோடு, தோலுக்குப் போடும் மருந்தை மெதுவாகச் செலுத்தி மறுபடி பார்ப்பதே நியாயம். மரப்பு மருந்தான லிக்னோகெயினோடு பத்துக்கு ஒன்று என்ற அளவில் சோடியம் பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் நன்றாகவே குறைகிறது.

ஒரு சோதனை போதுமா, இரண்டு வேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, மற்ற சிகிச்சைகள் பலிக்காத, பத்துக்கு ஐந்து அல்லது மேலான, ஓரிடத்தில் நிற்கும் நாட்பட்ட முதுகு வலிக்கு, சோதனை ஊசி பலித்தால் மட்டும் ஆர்.எஃப்.-ஐ யோசிக்கலாம் என்கிறது. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு வெவ்வேறு நாளில் இரண்டு சோதனை, இரண்டிலும் 80 சதவீதம் குறைய வேண்டும் என்று கேட்கிறது. அதே விதிகளில், ஃபைப்ரோமயால்ஜியா போன்ற பொதுவான வலி நோயைக் காரணம் காட்டி ஃபேசட் ஊசி போடுவதை ஏற்பதில்லை என்றும் எழுதியிருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கு இரண்டு சோதனை என்பதே என் கட்சி. இரண்டாம் முறை வேறு மருந்து, அதாவது முதலில் லிக்னோகெயின் என்றால் பிறகு, அதைவிட நீண்ட நேரம் மரக்க வைக்கும் பியூபிவாகெயின். பியூபிவாகெயின் போட்ட நாளில் நிம்மதி இன்னும் நீண்ட நேரம் நீடித்தால் நம்பிக்கை கூடும்.

சோதனையைத் தாண்டியும் பலன் உறுதியில்லை என்பதற்கு நெதர்லாந்தின் மின்ட் ஆய்வுகள் சாட்சி. 2017-இல் வந்த அந்த மூன்று ஆய்வுகளில் மொத்தம் 681 பேர், உடற்பயிற்சியோடு ஆர்.எஃப். சேர்த்தவர்களுக்கும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு வரவில்லை. ஒரே சோதனை, 50 சதவீதம் குறைந்தாலே போதும் என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள், ஊசி வைத்த முறையும் சரியில்லை என்று வலி மருத்துவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு: ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கோட்டை விட்டால், கருவி எவ்வளவு நல்லதானாலும் உதவாது.

இனி, சுடும் நாள். வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். முக்கால் மணி நேரம்வரை ஆகலாம். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கு ஊசியைவிட இந்தப் படுக்கைதான் கொடுமை. மார்பெலும்பு, இடுப்பெலும்பு முனை, கணுக்கால் மூன்றும் மெத்தென்ற திண்டின் மேல் இருக்க வேண்டும், அறை மிகவும் குளிராகவும் இருக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். பேடு ஒட்டும் தொடையில் எண்ணெய், தைலம், பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. பேடின் ஓரம் எழும்பினால் மின்னோட்டம் முழுக்க மிச்சமிருக்கும் சிறு இடத்தில் குவிந்து தோலைச் சுட்டுவிடும். ஊசி புதியதா என்றும் கேளுங்கள். பலமுறை கொதிக்க வைத்துப் பயன்படுத்திய ஊசியின் காப்புறையில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும், சூடு நுனிக்குப் போகாமல் வழியிலேயே கசிந்து தோலில் கொப்புளம் போடும்.

சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, முள்ளெலும்பின் மேல் மூட்டு முனையும் பக்கவாட்டு முனையும் சேரும் பள்ளத்தில் ஊசியைக் கொண்டுபோய் வைப்பார்கள். வெப்பம் ஊசியின் பக்கவாட்டில்தான் பரவும், முனைக்கு முன்னால் அதிகம் போகாது. அதனால் நரம்புக்கு இணையாக ஊசியைப் படுக்க வைக்க வேண்டும். குறுக்கே குத்தி நிறுத்தினால் நரம்பின் மேல் ஒரு புள்ளியைத்தான் தொடும். ஒன்றிரண்டு மாதத்தில் வலி திரும்பிவிடும். பிறகு சோதிப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அரை வோல்ட்டுக்குள் அந்த இடத்தில் குறுகுறுப்போ அழுத்தமோ தெரிய வேண்டும். 2 ஹெர்ட்ஸ் கொடுத்தால் முதுகுத் தசை துடிக்கலாம், கால் துடிக்கக் கூடாது. கால் துடித்தால் ஊசி காலுக்குப் போகும் நரம்பின் பக்கத்தில் இருக்கிறது. இடம் மாற்றாமல் சுடக் கூடாது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நீங்கள் விழித்திருக்க வேண்டும். பயம் குறைய லேசான மருந்து சரி. முழுதாகத் தூங்க வைப்பது பாதுகாப்பைக் குறைக்கும். கடைசியில் ஊசி வழியே ஒரு மில்லி வரை மரப்பு மருந்து, சிறிது காத்திருப்பு, 80 டிகிரி, 90 விநாடி.

பேஸ்மேக்கரோ டீஃபிப்ரிலேட்டரோ உள்ளவர்கள் இதய மருத்துவரின் சம்மதமில்லாமல் இந்த மேசையில் ஏறவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், ஊசி போடும் இடத்தில் சீழோ தொற்றோ உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதுகில் திருகாணி வைத்து ஆபரேஷன் ஆனவர்களும் அப்படியே. ஊசி திருகாணியைத் தொட்டால் சூடு அதன் வழியே ஓடும்.

முட்டிக்கு வேறு நரம்புகள். 2011-இல் தென் கொரிய மருத்துவர்கள் முட்டித் தேய்மானத்துக்கு இதைச் செய்து வெளியிட்டபின் உலகெங்கும் பரவியது. மேல் வெளிப்பக்கம், மேல் உள்பக்கம், கீழ் உள்பக்கம் என்று மூன்று ஜெனிகுலர் நரம்புகள். கீழ் வெளிப்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கே பக்கத்திலேயே போகிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களில் ஃபைப்ரோமயால்ஜியாவும் முட்டித் தேய்மானமும் சேர்ந்தே இருப்பது சகஜம். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெளிவாகத் தெரிந்து, நடக்கும்போது முட்டி வலி தனித்து நின்றால், என் பார்வையில் அவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை அதிகம் பயன்படும்.

வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு வாரம் வலி கூடலாம். மற்றவர்களுக்கு ஊசி போட்ட இடம் மட்டும் கன்றிப்போயிருக்கும்; ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கு உடம்பே கொதித்துக் கிளம்பும், களைப்பு கவிழ்ந்து படுக்க வைக்கும். முன்பே தெரிந்திருந்தால் "கெட்டுப்போச்சு" என்று பதற மாட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் கல்யாணம், பயணம், வீடு மாற்றுவது எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்குச் சுட்ட இடத்துக்கு மேல் தோல் வெயிலில் வெந்ததுபோல எரியும், சேலை பட்டாலே கூசும். சில வாரங்களில் அடங்கும். காய்ச்சல், சீழ், கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஆகியவை அப்படியல்ல. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உண்மையான பலன் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெரியத் தொடங்கும்.

வலி மாத்திரை எழுதும்போது ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு டுலோக்ஸிடினோ அமிட்ரிப்டிலினோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு டிரமடால் சேர்த்தால் செரடோனின் அளவு மிஞ்சி நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வரலாம், வலிப்பும் வரலாம். சுட்ட பிறகு எல்லோருக்கும் எழுதும் சீட்டில் டிரமடால் இருப்பது வழக்கம். உங்கள் மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஊசியில் ஸ்டீராய்டு சேர்க்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சேர்த்தால் சில நாள் சர்க்கரையைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

ஊசியில்லாத வகைக்கு வருவோம். 'கரண்ட் வைப்பது' என்று நாம் சொல்வதில் ரேடியோ அலையும் ஒன்று. பழைய ஷார்ட்வேவ் டயாதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. புதிதாக வந்திருக்கும் டீகார் 300 முதல் 1000 கிலோஹெர்ட்ஸுக்குள் இயங்கும். உடலுக்கு அடியில் ஒரு தகடு, மேலே கிரீம் தடவி வட்டமாகத் தேய்க்கும் ஒரு முனை. காப்புறையுள்ள முனை தசையையும், வெறும் உலோக முனை ஆழத்தில் தசைநாரையும் மூட்டையும் சூடாக்கும். ஒருமுனை ரேடியோ அலையை ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு ஸ்பெயினில் ஆய்வு செய்திருக்கிறார்கள். குறுகிய காலத்துக்கு வலி குறைந்ததாகக் கண்டார்கள். இத்தகைய ஆய்வுகள் சிறியவை. இதமான சூட்டில் தசை இளகும், அன்று பயிற்சி செய்ய எளிதாக இருக்கும். அந்த அளவுக்கு இதை நம்பலாம். 'பத்து சிட்டிங்கில் குணம்' என்று பேக்கேஜ் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சூடு பலருக்குப் பிடிக்கும். ஆனால் இந்நோயில் வெப்பம் வலியாக மாறும் எல்லையும் தாழ்ந்தே இருக்கிறது. மற்றவர்களுக்கு 'நல்ல சூடு' என்பது இவர்களுக்கு அடுத்த நாள் படுக்கை. முதல் நாள் வெதுவெதுப்புக்கு மேல் போகாமல், பத்து நிமிடத்தோடு நிறுத்தி, அடுத்த இரண்டு நாள் எப்படியிருந்தது என்று பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

ஷார்ட்வேவில் உலோகம் கூடாது என்பது எல்லா அறையிலும் எழுதி ஒட்டியிருக்கும். வளையலையும் சங்கிலியையும் கழற்றுவார்கள். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்கி முதுகுப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அதில் கோத்திருக்கும் நாலைந்து ஊக்குகள் யார் கண்ணிலும் படுவதில்லை. முதுகுக்கோ கழுத்துக்கோ கரண்ட் வைக்கும்போது அந்த ஊக்கில் அலை குவிந்து தோலைச் சுடும். உள்ளாடைக் கொக்கி, அரைஞாண் கயிற்றின் வெள்ளி, கருப்பையில் இருக்கும் காப்பர்-டி, செவித்துணைக் கருவி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கழற்ற மனமில்லை என்றால் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள், வேறு சிகிச்சை கொடுப்பார். வியர்வை வழிந்தாலும், தைலம் தேய்த்துவிட்டு வந்தாலும் தோல் வேகும்; உலர்ந்த பருத்தித் துண்டு இடையில் இருக்க வேண்டும். பேஸ்மேக்கர், கர்ப்பம், புற்றுநோய் உள்ள இடம், காலில் இரத்தம் உறைந்த நிலை, சர்க்கரையால் உணர்ச்சி மரத்துப்போன பாதம் ஆகியவற்றுக்கு ஷார்ட்வேவ், டீகார் இரண்டுமே கூடாது.

ஐரோப்பிய வாதநோய்க் கழகம் 2016-இல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான சிகிச்சைகளை எடை போட்டபோது 'உறுதியாகச் செய்யலாம்' என்று சொன்னது ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. வலியோடு இருப்பவரிடம் இதைச் சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுபோலத் தோன்றும், எனக்குத் தெரியும். ஆர்.எஃப்.-க்கு உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது. ஒரு முட்டி அல்லது ஒரு பக்க இடுப்பு நடக்க விடாமல் தடுத்தால், அதை ஆறேழு மாதம் அடக்கி வைத்து, அந்த இடைவெளியில் உடலைப் பழக்குவது. முதல் வாரம் வீட்டுக்குள் நடை போதும். மூன்றாம் வாரத்திலிருந்து தினம் ஐந்து நிமிட நடை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தாங்கினால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். "இன்னைக்கு நல்லா இருக்கே" என்று ஒரே நாளில் வீட்டையெல்லாம் கழுவிவிட்டால் மூன்று நாள் போய்விடும். முதுகில் சுட்டவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மீடியல் பிராஞ்ச் நரம்பு மூட்டின் வலியை மட்டும் சுமப்பதில்லை. முதுகெலும்பைத் தாங்கும் மல்டிஃபிடஸ் தசையையும் அதுதான் இயக்குகிறது. சுட்டபின் அந்தத் தசை தளரும் என்பதால், பிசியோதெரபிஸ்டிடம் முதுகுப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு தொடர்வது சிகிச்சையின் மறுபாதி.

நரம்பு மறுபடி வளரும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பலருக்கு வலி திரும்பும். அப்போது மறுபடி சுடலாம், ஆனால் தானாக அல்ல. சென்ற முறை பாதிக்குப் பாதியாவது குறைந்து, ஆறு மாதமாவது நின்றதா என்று பழைய நோட்டைப் புரட்ட வேண்டும். மெடிகேரும் இதே கணக்கைத்தான் கேட்கிறது. முதுகில் குறைந்ததும் கழுத்து, கழுத்து குறைந்ததும் தோள், பிறகு முட்டி என்று வலி போகும் இடமெல்லாம் ஊசி துரத்திக்கொண்டு போனால், அது ஃபைப்ரோமயால்ஜியாவின் பின்னால் ஓடுவது. அங்கே நிறுத்திவிட்டு, தைராய்டு, வைட்டமின் டி, இரும்புச் சத்து, குறட்டையோடு மூச்சு தடைப்படும் தூக்கம் ஆகியவற்றைப் பார்த்தாகிவிட்டதா, மாத்திரையின் அளவு சரியா என்று ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும். பழைய வலியே திரும்பியிருக்கிறது என்று வருபவரிடமும் முதலில் எக்ஸ்ரே கேட்க வேண்டியதில்லை. "ஒரே ஒரு விரலால காட்டுங்கம்மா" என்று மறுபடி கேளுங்கள். விரல் சென்ற முறை நின்ற அதே இடத்துக்குப் போகிறதா, இல்லை, இந்த முறை உள்ளங்கை விரிகிறதா என்று பாருங்கள்.